முதுகுக்குப் பின்னால் ஒரு கை

சிகாகோ
செப்டம்பர் 19, 1966

ஒடெஸ்ஸா அண்ணிக்கு,

நாங்கள் வந்து சேர்ந்துவிட்டோம். பஸ்ஸில் டெரன்ஸ் வழியெல்லாம் அழுதான். ரெனீட்டா அழவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஹார்வி அண்ணன் வீட்டு முன்னறையில் படுக்கிறோம். சன்னல் பக்கம் படுக்க மாட்டேன் என்கிறாள். இது மூன்றாவது மாடி, நம் வீட்டுக் கண்ணாடியை உடைத்த மாதிரி இங்கே யாராலும் கல் எறிய முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப துப்பாக்கி?" என்று கேட்டாள். ஆறு வயதுப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன், மறைக்கவில்லை. ஐடா கோல்ஸைப் பஸ் நிறுத்தத்தில் வெள்ளைக்காரப் போலீஸ்காரர்கள் பல் உடைய அடித்ததற்கு எனக்கும் வயிறு எரிந்தது. ஊர்வலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூட்டத்தை ஒழுங்குபடுத்த நம் சபைக்கு வருகிறவர்களை வரவேற்று உட்காரவைக்கிற வாசல் ஊழியர்களை அனுப்புகிறேன் என்று போராட்டக் குழுவிடம் தலையாட்டியவர் நீங்கள். "எங்க ஆளுங்க வாயே திறக்காம, கைச் சைகையிலயே ஊரை உக்கார வச்சிருவாங்க" என்று பெருமை பேசியவரும் நீங்கள்தான். உங்கள் தம்பியை, என் வீட்டுக்காரரை, முன்வரிசையில் நிறுத்தியதும் நீங்கள். நான் காய்ச்சல் பிள்ளையோடு வீட்டில் கிடந்தேன். இப்போது அவர் தோளில் குண்டு பாய்ந்து சிறை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். சுட்ட போலீஸ்காரன் டாக்கெட் வழக்கம்போல் வேலைக்குப் போகிறான், சுடப்பட்டவர்மேல் போலீஸைத் தாக்க முயன்றதாக வழக்கு. இடுப்பிலிருந்து கத்தியை எடுக்கப் போனாராம், கத்தி கூட்டத்தில் காணாமல் போய்விட்டதாம்.

குழு அச்சடித்த நோட்டீஸ் இங்கேகூட வந்துவிட்டது. இரண்டு கையும் தூக்கி நிற்கிற மனிதன் படம். 'கை தூக்கியவனைச் சுட்டார்கள்' என்று பெரிய எழுத்தில். அவருக்கு மிக அருகில் நின்றவர் நீங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கோர்ட்டில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் அண்ணி. அவர் எப்படி இருக்கிறார் என்று உடனே எழுதுங்கள்.

லூசில்

*

ஆஷ்பி கிரீக்
செப்டம்பர் 27

அன்புள்ள லூசில்,

உன் திட்டெல்லாம் வந்து சேர்ந்தது. ஒன்றும் வழியில் சிந்தவில்லை.

வெண்டலைப் பார்த்தேன். காலைக் கட்டிலோடு சங்கிலி போட்டிருக்கிறார்கள். எழுந்து நிற்கவே முடியாதவன் எங்கே ஓடிவிடப் போகிறானோ! குண்டை எடுத்துவிட்டார்கள், காய்ச்சல் இறங்கிவிட்டது. வலது கையை மார்பு உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. "வார்ப்படச் சாலைல என் வேலைய வச்சிருப்பாங்களா?" என்று கேட்டான். வைத்திருப்பார்கள் என்றேன். வைக்கவில்லை. அதை நீயும் அவனுக்கு எழுதாதே. பிள்ளைகளைப் பற்றி மட்டும் எழுது, அதைப் படிக்கும்போதுதான் முகம் தெளிகிறது.

உன் வீட்டுச் சன்னலுக்குப் பலகை அடித்துவிட்டேன். சபையில் உனக்காக ஜெபிக்கிறார்கள். ஐடா கோல்ஸ் உடைந்த பல்லோடு உருளைக்கிழங்குப் பலகாரம் சுட்டு சிறைக்கு எடுத்துப் போனாள், காவலாளி வாங்க மாட்டேன் என்றுவிட்டான். படிக்கட்டிலேயே உட்கார்ந்து, அவன் பார்க்கப் பார்க்க அவளே தின்றுவிட்டு வந்தாளாம்.

வெண்டலின் வக்கீல் கிரேஞ்சர் என்னைக் கூப்பிட்டு, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். கொஞ்சம் நாள் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ரெனீட்டாவுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னுகிறேன், கை அளவு எடுத்து அனுப்பு.

ஒடெஸ்ஸா

*

சிகாகோ
அக்டோபர் 1

அண்ணி,

கொஞ்சம் நாள் எதற்கு?

பார்த்ததைச் சொல்ல யாருக்காவது நாள் வேண்டுமா? உங்கள் கடிதத்தை மூன்று பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். பலகாரம் இருக்கிறது, பலகை இருக்கிறது, ஸ்வெட்டர் இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை. ஹார்வி அண்ணன் சொல்கிறார், "அந்தம்மா எதையோ முழுங்குது." எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அவர் கையைத் தூக்கினாரா இல்லையா?

லூசில்

*

ஆஷ்பி கிரீக்
அக்டோபர் 6

லூசில்,

தூக்கவில்லை.

எழுதிவிட்டேன். நாலு தாளைக் கிழித்துப் போட்ட பிறகு எழுதுகிறேன், முழுதும் படி.

கோர்ட் வாசலில் கூட்டம் நின்றது. நான் கையைக் காட்டியதும் எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள். அப்போது டாக்கெட் படியிறங்கி நேராக வெண்டலை நோக்கி வந்தான். உன் புருஷன் நம் சபை வாசலில் எத்தனை வருஷமாக நிற்கிறான்! யாராவது பெரிய மனிதர் எதிரே வந்தால் வாசல் ஊழியர் என்ன செய்வார்? குதிகால் இரண்டையும் சேர்ப்பார். முதுகை நிமிர்த்துவார். இடது கையை மடக்கி முதுகுக்குப் பின்னால், இடுப்புக்கு மேலே வைத்துக்கொள்வார். என்ன வேண்டும் சொல்லுங்கள், காத்திருக்கிறேன் என்று அர்த்தம். அவன் அதைத்தான் செய்தான். யோசித்துச் செய்யவில்லை, நமக்கெல்லாம் அது தும்மல் மாதிரி தானாக வருவது. எதிரே வருகிறவனுக்கு அவன் மரியாதை கொடுத்தான், லூசில். டாக்கெட் "கை! கை!" என்று கத்தினான். வெண்டல் இன்னும் நிமிர்ந்தான். அதற்குள் சுட்டுவிட்டான்.

கையில் வெள்ளைக் கையுறையைத் தவிர எதுவும் இல்லை. நான் பக்கவாட்டில் நின்றேன், அந்தக் கை எனக்கு நன்றாகத் தெரிந்தது. பின்னால் நின்ற மற்றவர்கள் கொடிக்கும் தலைகளுக்கும் நடுவே என்ன பார்த்தார்களோ தெரியாது. நோட்டீஸைப் பார்த்த பிறகு, கை தூக்கியதைப் பார்த்ததாக எல்லாருமே நம்புகிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை.

ஆனால் நான் பார்த்தேன்.

ஒடெஸ்ஸா

*

சிகாகோ
அக்டோபர் 11

அண்ணி,

இதை வேறு யாரிடமும் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் இனிச் சொல்லாதீர்கள்.

கை பின்னால் போனது என்று நீங்கள் சொன்ன நிமிஷம், அவர்கள் மற்ற எதையும் கேட்க மாட்டார்கள். மரியாதை, சபை, வாசல், அர்த்தம்! தீர்ப்புச் சொல்ல அந்த ஜூரியில் உட்காரப் போகிற வெள்ளைக்காரர்களில் ஒருத்தராவது நம் சபைக்குள் கால் வைத்திருப்பாரா? 'கை பின்னால் போனது. அவன் அக்காளே ஒப்புக்கொண்டாள்.' இவ்வளவுதான் அவர்கள் காதில் விழும். பத்து வருஷம் உள்ளே போவார். டெரன்ஸ் அப்பாவின் முகம் தெரியாமல் வளருவான்.

ஊரே கை தூக்கினார் என்கிறது. நீங்களும் அதையே சொன்னால் என்ன குறைந்துபோகும்? வேதப் புத்தகத்தின்மேல் கை வைத்துப் பொய் சொல்ல மாட்டேன் என்பீர்கள். டாக்கெட் அதே புத்தகத்தில் கை வைத்துத்தான் கத்தி இருந்தது என்று சொல்லப் போகிறான். அவன் கை வெந்தா போய்விடும்? எப்போதும் நாம்தான் சுத்தமாக இருக்க வேண்டுமா?

உங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் இவ்வளவு சுலபமாக எழுத முடிகிறது உங்களால். இதை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

அவர் சிறைக்குப் போனால் என் பிள்ளைகளை நீங்கள் பார்க்க முடியாது. ஸ்வெட்டரும் வேண்டாம்.

லூசில்

*

ஆஷ்பி கிரீக்
அக்டோபர் 20

லூசில்,

பிள்ளை இல்லாதவள் எழுதுகிறேன். எங்கள் அம்மா போனபோது வெண்டலுக்கு நாலு வயது. மேலே நான் சொல்லப் போவதில்லை.

இங்கே நடப்பதைக் கேள். போராட்டக் குழுவின் தியோடிஸ், அந்தக் கல்லூரிப் பையன், வந்து என் சமையலறையில் உட்கார்ந்தான். காபியைத் தொடவே இல்லை. "அம்மா, கிளீவ்லாந்து வரைக்கும் அந்தப் படத்தைப் பிடிச்சுட்டு நடக்கறாங்க. நீங்க ஒருத்தர் மாத்திச் சொன்னா நாங்க அத்தனை பேரும் பொய்யனுங்கன்னு ஆயிரும். ஐடாம்மா கேஸும் சேர்ந்து போயிரும்" என்றான். அவன் கண் சிவந்திருந்தது. அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு நாள் கழித்து நான் வேலை செய்கிற லாண்டரிக்குத் துணை ஷெரிஃப் லூமிஸ் வந்தான். நான் படுக்கை விரிப்பைப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தேன். மெல்லிய குரல் அவனுக்கு, கேக் விற்கிறவன் மாதிரி. "ஒடெஸ்ஸா, நீ நேர்மையானவள்னு ஊரே சொல்லுது. அவன் கை பின்னாடி போச்சுல்ல? அதை மட்டும் சொல்லு போதும். அதுக்கு மேல ஒரு வார்த்தையும் வேணாம்." எனக்கு ஒரு மகன் இருந்தால் அவன் வயது இருக்கும், பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். நான் விரிப்பை மடித்து அடுக்கினேன். கிரேஞ்சரின் அலுவலகத்துக்கு வெளியே நான் பார்த்ததை அவரிடம் சொன்னபோது யார் கேட்டார்களோ! மறுநாளே சம்மன் வந்துவிட்டது. அரசுத் தரப்புச் சாட்சியாம். வெண்டலுக்கு எதிராக, அவன் அக்கா!

அந்த ஆள் உண்மையைச் சொல் என்று கேட்டானே, அப்போதுதான் எனக்கு அந்த உண்மைமேலேயே வெறுப்பு வந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று, 'இரண்டு கையும் தூக்கினான்' என்று சொல்லிப் பழகினேன். நன்றாகவே வந்தது. உனக்காகச் சொல்லிவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன்.

பிறகு வெண்டலைப் போய்ப் பார்த்தேன். காவலாளி பக்கத்திலேயே நின்றதால் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவன் நேராகவே சொன்னான். "நான் யாருக்கும் கெடுதல் நினைச்சு அங்க கையை வைக்கலக்கா. அது எங்க இருந்துச்சோ அங்கயே இருக்கட்டும். என் கையை வேற யாரும் தூக்க வேணாம்."

இப்போது நான் என்ன செய்ய? அவன் ஒன்று சொல்கிறான், நீ ஒன்று சொல்கிறாய். விசாரணை நவம்பர் பதினாலாம் தேதி தொடங்குகிறது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒடெஸ்ஸா

*

சிகாகோ
அக்டோபர் 31

அண்ணி,

பிள்ளை விஷயமாக எழுதியதை அடித்திருக்க வேண்டும். அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஹார்வி அண்ணன் போகிற சபைக்குப் போனேன். பெரிய சபை, எனக்கு ஒரு முகமும் தெரியாது. ரெனீட்டா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கதவருகே ஒரு வாசல் ஊழியர், வயதானவர், வெள்ளைக் கையுறை. எங்களைப் பார்த்ததும் குதிகாலைச் சேர்த்தார், நிமிர்ந்தார், இடது கை பின்னால் போயிற்று. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ரெனீட்டா மட்டும், இங்கே வந்ததிலிருந்து முதல் தடவையாக, என் பாவாடையை விட்டாள். "அப்பா மாதிரி நிக்கறாரு" என்று சொல்லிவிட்டு நேராக அவரிடம் போனாள். அவர் வலது கையை நீட்டி இடம் காட்டினார். நாங்கள் உட்கார்ந்தோம்.

பாட்டு ஒன்றும் காதில் விழவில்லை. அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையைப் பார்த்து அங்கே ஒரு பிள்ளைகூடப் பயப்படவில்லை. அதே கையைப் பார்த்துத்தான் டாக்கெட் சுட்டான்.

ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். லூமிஸ் உங்களிடம் என்ன சொன்னான்? அதுக்கு மேல ஒரு வார்த்தையும் வேணாம் என்றான். ஏன் வேண்டாம்? அந்த மேல் வார்த்தைக்குத்தான் அவனுக்குப் பயம், அண்ணி. கை பின்னால் போனது என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் அவர்கள் ஜெயித்தார்கள். நிறுத்தாதீர்கள். வாயால் சொன்னாலும் புரியாது அவர்களுக்கு. சபை வாசலில் நிற்கும்போது போடுகிற வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு போங்கள். பேட்ஜ் குத்திக்கொள்ளுங்கள். கையுறையும் எடுத்துப் போங்கள். நடந்து காட்டுங்கள், நின்று காட்டுங்கள். கிரேஞ்சரிடம் இதை உங்களைக் கேட்கச் சொல்லுங்கள், அவர் கத்தோலிக்கர், நம் வாசல் வழக்கம் அவருக்கே தெரிந்திருக்காது.

இது பலிக்கும் என்று நான் நம்பவில்லை. பலிக்காவிட்டால் உங்களைத்தான் திட்டுவேன், என்னைத் திட்டிக்கொள்ள மாட்டேன். எனக்கு அவ்வளவு பயமாக இருக்கிறது.

ரெனீட்டாவின் கை அளவை நூலில் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

லூசில்

*

ஆஷ்பி கிரீக்
நவம்பர் 19

அன்புள்ள லூசில்,

தந்தி கிடைத்திருக்கும். 'வெண்டல் வெளியே வந்துவிட்டான்' என்பதற்கு மேல் தந்தியில் எழுத எனக்குத் தெம்பில்லை. இப்போது சொல்கிறேன்.

வெள்ளை உடுப்பில் நான் கோர்ட்டுக்குள் நுழைந்ததும் வாசலில் நின்ற ஒருத்தன், "நர்ஸம்மா, ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்" என்றான். நான் காதில் வாங்கவில்லை. அரசு வக்கீல் முதலில் எழுந்தார்.

"ஒடெஸ்ஸா, அவன் இடது கை எங்க இருந்துச்சு?"

"மிஸஸ் ப்ரூயிட்னு கூப்பிடுங்க."

"கை எங்க இருந்துச்சு?"

"முதுகுக்குப் பின்னாடி."

நம் ஜனங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு முனகல் எழுந்தது. தியோடிஸ் எழுந்து வெளியே போய்விட்டான், கதவு அறைந்த சத்தம் கேட்டது. நான் மேலே பேச வாயைத் திறந்தேன், "போதும்" என்றார் அரசு வக்கீல். திருப்தியாக உட்கார்ந்தார். வெண்டல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது நான் செத்துப்போயிருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

கிரேஞ்சர் எழுந்தார். "மிஸஸ் ப்ரூயிட், அவர் எப்படி நின்னார்னு நீங்க கீழ இறங்கி ஜூரிக்குக் காட்ட முடியுமா?" அரசு வக்கீல் குதித்தார். நீதிபதி, சீக்கிரம் ஆகட்டும் என்றார்.

இறங்கினேன். கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துப் போட்டேன், அவசரப்படவில்லை. ஜூரிக்கு எதிரே போய் நின்றேன். "ஞாயித்துக்கிழமை நீங்க எங்க சபைக்கு வர்றீங்கன்னு வச்சுக்குங்க. நான் கதவுகிட்ட நிப்பேன். உங்களைப் பாத்ததும் இப்படித்தான் நிப்பேன்" என்றேன். குதிகாலைச் சேர்த்தேன். நிமிர்ந்தேன். இடது கையைப் பின்னால் கொண்டுபோனேன்.

டப் என்று ஒரு சத்தம். சுவரோரம் நின்ற லூமிஸின் கை அவன் இடுப்புக்குப் போயிருந்தது. துப்பாக்கி உறையின் பொத்தானைத் திறந்துவிட்டான், லூசில். அதே லூமிஸ். நான் எதற்காக இறங்கினேன் என்று அவனுக்குத் தெரியும். நான் லாண்டரியில் விரிப்பு மடிக்கிறவள் என்றும் தெரியும். எதிரே நிற்பவள் ஐம்பத்தெட்டு வயதுக் கிழவி. இருந்தும் அவன் கை போய்விட்டது.

நான் அசையவில்லை. வாசலில் நிற்கும்போது அசையக் கூடாது, அவ்வளவுதான் அப்போது எனக்கு ஞாபகம் இருந்தது. ஜூரி முழுதும் என்னை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண், கண்ணாடி போட்டவள், வாயைப் பொத்திக்கொண்டாள். "லூமிஸ், கையை எடு" என்றார் நீதிபதி. அவன் குனிந்து தன் கையைப் பார்த்தான். அது எப்படி அங்கே போனது என்று அவனுக்கே தெரியவில்லை போலிருந்தது.

கிரேஞ்சர் வேறு கேள்வியே கேட்கவில்லை.

ஜூரி இரண்டு நாள் சண்டை போட்டு, எல்லாரும் ஒரே முடிவுக்கு வர முடியவில்லை என்று சொல்லிவிட்டது. மறுபடி வழக்கு நடத்தப்போவதில்லை என்றார் அரசு வக்கீல். குற்றமற்றவன் என்று யாரும் சொல்லவில்லை, அதை எதிர்பார்க்காதே. டாக்கெட் இன்றும் அதே தெரு மூலையில் காவலுக்கு நிற்கிறான். தியோடிஸ் வந்து மன்னிப்புக் கேட்டான், பழைய நோட்டீஸை என்ன செய்வது என்றும் கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன். ஐடாவின் வழக்குக்காக அடுத்த வாரம் மறுபடி நடக்கிறார்கள், வாசல் ஊழியர்களும் போகிறோம். யாரும் வராமல் இருக்கப்போவதில்லை.

வெண்டல் டிசம்பர் முதல் வாரம் உன்னிடம் வருகிறான். இங்கே அவனுக்கு வேலை இல்லை, இப்போது அவனுக்கும் அது தெரியும். ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஒடெஸ்ஸா

*

சிகாகோ
டிசம்பர் 4

அன்புள்ள அண்ணி,

வந்துவிட்டார். ஸ்வெட்டர் ரெனீட்டாவுக்குச் சரியாக இருக்கிறது, கழற்ற மாட்டேன் என்கிறாள்.

ஸ்டேஷனில் நடந்ததை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். வேறு யாரிடமும் சொல்லாதீர்கள்.

ரயிலிலிருந்து இறங்கினார். இளைத்திருந்தார், ஆனால் சிரித்தார். ரெனீட்டா ஓடினாள். அந்த நேரம் பிளாட்பாரத்தில் ஒரு போலீஸ்காரர் நடந்து வந்தார். எங்களை அவர் பார்க்கவே இல்லை, வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டே போனார். உங்கள் தம்பி கையிலிருந்த பெட்டி கீழே விழுந்தது. இரண்டு கையும் மேலே போயிற்று. இடது கை தலைக்கு மேல் நிமிர்ந்து நின்றது, குண்டு பட்ட வலது கை பாதியிலேயே நின்றுவிட்டது. நோட்டீஸில் அச்சடித்திருந்தார்களே, அப்படியே. அந்தப் படத்துக்காக உங்களோடு எவ்வளவு சண்டை போட்டேன்! அதைக் கண்ணால் பார்த்தபோது எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

போலீஸ்காரர் போய்விட்டார். கை இறங்கவில்லை. "போயிட்டாருங்க" என்றேன். "தெரியுது. இறங்க மாட்டேங்குது லூசி" என்றார். ரெனீட்டா நடுவழியில் நின்றுவிட்டாள். பக்கத்தில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் போய் அவர் இடது கையைப் பிடித்து இறக்கினேன். மடக்கினேன். முதுகுக்குப் பின்னால், இடுப்புக்கு மேலே, அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். விடாமல் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. ரெனீட்டா பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். ஸ்டேஷன் வாசலில் இன்னும் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். எனக்கு உயிரே இல்லை, ஆனாலும் நான் கையை எடுக்கவில்லை, அவர் கையையும் எடுக்க விடவில்லை. அப்படியே அவர்களைத் தாண்டித் தெருவுக்கு வந்தோம்.

அவருடைய கையுறையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார், வேண்டுமென்றே என்று நினைக்கிறேன். துவைத்து அனுப்பிவையுங்கள். இங்கே சபையில் வாசலுக்கு ஆள் வேண்டும் என்கிறார்கள்.

லூசில்